பச்சை முடிகிற இடம்

வேலி மரத்துக்குள் முழங்கை வரை கையை விட்ட பிறகுதான் அந்த யோசனை வந்தது. வெளியே நல்ல பச்சை. ஒரு சாண் உள்ளே போனால் எல்லாம் பழுப்பு. கையை வெளியே எடுத்தால் சட்டைக் கை முழுக்கக் காய்ந்த இலைத்தூள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. தாவரவியல் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது, கொட்டுவதற்கு ஓர் இடம் இல்லை. இந்த வேலி உள்ளிருந்து செத்துக்கொண்டிருக்கிறது, ஒட்ட வெட்டிவிட்டால் பிழைக்கும் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"மாமி, உங்கட வேலிக்கு வருத்தம். வெட்டணும்."

"ஓம் மகள்," என்றார் மாமி. "வெட்டணுமெண்டா வெட்டத்தானே வேணும்."

மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை. சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையின் திருப்பத்தில் அவர் வீடு, அடுத்தது எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. மாமா கருவாட்டு வியாபாரி. கல்முனையில் லொறி ஏறி, பண்டாரவளைக்குக் கருவாடு கொண்டுபோய் அங்கிருந்து மரக்கறி ஏற்றி வருவார். அப்படி ஒரு தடவை முட்டைக்கோவாவுக்கும் கரட்டுக்கும் நடுவில் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவைதான் அந்தக் கன்றுகள். மலைநாட்டுப் பங்களாக்களின் வாசலில் வரிசையாக நிற்குமே, சைப்பிரஸ், அந்தச் சாதி. பதினெட்டு மரங்கள். ஊரெல்லாம் தென்னங்கிடுகு வேலியை வருசத்துக்கு ஒரு தடவை பிரித்துக் கட்டிக்கொண்டிருக்க, மாமியின் வளவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் பச்சைச் சுவர் எழும்பி நின்றது. ஊரார் அதற்கு நத்தார் மரம், அதாவது கிறிஸ்மஸ் மரம், என்று பெயர் வைத்தார்கள்.

"என்னகா, நத்தாருக்கு எங்களையும் கூப்பிடுவியா?" என்று ஒழுங்கையால் போகும் பெண்கள் கேட்பார்கள்.

"ஓம், வாங்களன்," என்பார் மாமி, சிரித்துக்கொண்டு.

அவரிடம் யார் எதைச் சொன்னாலும் முதலில் வருவது ஓம். அதுதான் மாமி. இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதாக எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க வந்தவர்கள் கேள்வியை முடிப்பதற்குள் ஓம் சொல்லிவிட்ட பொம்பிளை என்று உம்மா அவரைக் கேலி பண்ணுவார். "கேக்கிற ஆள் மூச்செடுக்கவும் விடல்ல இவ. மாப்பிள ஆரெண்டு கேட்டாவோ தெரியா." மாமி அதற்கும் ஓம் என்று தலையாட்டி, உம்மாவின் வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

ஒரு தடவை அவருடைய பெரிய பிரியாணிச் சட்டியை ஒரே நாளுக்கு இரண்டு வீட்டார் இரவல் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஓம். ஒரு வீட்டுக்குச் சட்டி போனது. மற்ற வீட்டுக்கு ஆள் வருவதற்குள் மாமி மூன்றாம் வீடொன்றில் தானே போய் இன்னொரு சட்டி இரவல் வாங்கி, வாசலில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். வந்தவர்கள் பார்த்துவிட்டு, "இது உங்கட சட்டி இல்லையே?" என்றார்கள். "ஓம், இல்லத்தான். இதுல சோறு வேகாதா?" என்று கேட்டார்.

மாமியிடம் இருந்த மற்றச் சங்கதி அதுதான். ஓம் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துச் சின்னதாக ஒரு கேள்வி கேட்பார். குரல் தாழ்ந்திருக்கும், கண் வேறெங்கோ இருக்கும். மருதமுனையிலிருந்து சைக்கிளில் சாரி கொண்டுவருகிற நெசவுக்காரர் நீலச் சாரியை விரித்து, "ராத்தாக்கு இதுதான் எடுப்பு," என்றால், "ஓம்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் மூட்டையைக் கட்டுகிற நேரம் பார்த்து, "இந்தக் கரையிலயே பச்சை நெய்யமாட்டாங்களோ?" என்பார். நெசவுக்காரர், "நெய்வாங்க நெய்வாங்க," என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார். அந்தக் கேள்விதான் மாமியின் பதில் என்பது அவருக்கு விளங்கவில்லை. எங்கள் ஒருவருக்குமே விளங்கவில்லை. எனக்கு விளங்குவதற்குப் பல வருசங்கள் ஆயின.

ஆனால் ஓம் சொல்கிற ஆள் எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுக்கிற ஆள் என்று சொல்லிவிடவும் ஏலாது. எழுபத்தெட்டுப் புயலுக்கு மறுநாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊரில் தென்னை என்று ஒன்று நிமிர்ந்து நிற்கவில்லை. மாமி வீட்டுக் கூரையில் பாதி எங்கள் வளவில் கிடந்தது. மாமியோ கிணற்றில் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி, கடல்பக்கத்து மரங்களின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கூரை போயிட்டு, இவ மரத்தக் குளிப்பாட்டுறா!" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓம், கூரையத்தான் முதல்ல பார்க்கணும்," என்று சொல்லிக்கொண்டே மாமி அடுத்த வாளியை ஊற்றினார். காற்று அள்ளிக்கொண்டு வந்த கடலுப்பு இலையில் படிந்திருந்தது. கழுவாமல் விட்டிருந்தால் பதினெட்டும் கருகியிருக்கும். கடைசி இரண்டு மரங்களில் மட்டும் ஒரு பக்கம் பழுப்பேறியது, அதுவும் வருசம் திரும்புவதற்குள் மூடிக்கொண்டது. இதெல்லாம் இன்று விளங்குகிறது. அன்று நானும் உம்மாவோடு சேர்ந்து சிரித்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி வேலியோடு நிற்பார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, கொப்புகளை விலக்கி உள்ளே கையை விட்டு உலுப்புவார். காய்ந்தது பொலபொலவென்று உதிரும். அதைச் சுளகில் கூட்டி, புயலுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளையின் அடியில் கொட்டுவார். பிறகு தையல் கத்தரிக்கோலை எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பச்சைத் தளிர்களின் நுனியை மட்டும் நறுக்குவார். கச்சான் காற்று வீசி மணல் கொதிக்கிற மாதங்களில் மரத்தின் தலையில் ஊற்றமாட்டார், அடியில் ஊற்றுவார். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் மரம் வெட்டுகிற ஆள் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்!

சரி, வெட்டிய நாளுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் வேலி மரம் என்றால் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை. கதியாலை வெட்டித் தலைகீழாக நட்டால்கூடத் துளிர்க்கும். மொட்டையடித்துவிட்டால் மழைக்கு முன்னம் குடை பிடித்து நிற்கும். நான் பார்த்து வளர்ந்த வேலி அது. புத்தகத்திலும் கத்தரித்தால் புதுத்தளிர் வரும் என்று இருந்தது, எந்த மரத்தில் என்று நான் தேடவில்லை. அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம். எங்கள் மூத்த காக்காவின் கைவாளையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுக்கு நேரே இருந்த நாலு மரங்கள்தான் மிகவும் உப்பிப்போய் நின்றன, அவற்றில் தொடங்குவோம் என்றேன்.

"ஓம் மகள், தொடங்குங்க," என்றார் மாமி. நான் ஏற ஸ்டூல் கொண்டுவந்து வைத்தார். அது மணலில் ஆடியது. கீழே குந்தி அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் வாளை ஒரு கொப்பில் வைத்த பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"பச்சை முடியிற இடத்தோட நிப்பாட்டினா, மரம் கோவிக்குமா மகள்?"

நான் சிரித்தேன். "மாமி, கிளுவைய மொட்டையா வெட்டுறம், தளிர்க்கல்லையா? மரமெண்டா மரந்தானே. ஒரு மாசத்தில பாருங்க, பச்சைப் பசேலெண்டு வரும்."

"ஓம்," என்றார் மாமி. "மரந்தானே."

நாலு மரங்களையும் பச்சை ஒன்றும் மிச்சம் இல்லாமல், பழுப்புக்குள் இறங்கி, தடியோடு ஒட்ட வெட்டினேன். மாமி கடைசி வரை ஸ்டூலை விடவில்லை. நான் இறங்கியபோது அவர் தலையிலும் தோளிலும் வெட்டித்தூள். "களைச்சிப்போயிட்டீங்க," என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஒரு மாதம் போனது. நாள் தவறாமல் விடியப் போய்ப் பார்ப்பேன். தடி தடியாகவே நின்றது. ஐந்தாம் கிழமையில் ஒருநாள் ஒரு தடியின் நடுவில் பச்சை! "மாமி, மாமி, வந்திட்டுது!" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினேன். மாமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். உற்றுப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்," என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கொவ்வை இலையும் இப்படித்தானே மகள் வாற?" என்று கேட்டார்.

கொவ்வைக் கொடிதான். அடியிலிருந்து ஏறி வந்திருந்தது.

அதன் பிறகு நான் விடியப் போய்ப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். அந்த இடைவெளியால் கிணற்றடி ஒழுங்கைக்கு நன்றாகத் தெரிந்தது. மாமி பழைய சாரி ஒன்றைக் குறுக்கே கட்டினார், கடற்காற்று அதை இரண்டு நாளில் கிழித்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் மாமா மௌத்தானார். லொறிக்குச் சாக்கு தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே.

கணவன் மௌத்தானால் மனைவி இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், தன் வீட்டுக்குள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, சீதனமாக வந்தது. அது மாமியின் சொந்த வீடு. பதினெட்டு மரமும் முழுசாக நின்றிருந்தால் இத்தாக் காலத்திலும் அவர் தன் வளவுக்குள் நடந்திருப்பார், கிணற்றில் அள்ளிக் குளித்திருப்பார், அஸருக்குப் பிறகு வேலியோடு நின்றிருப்பார். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இத்தா அது. வேறு எந்த வளவுக்கு அப்படி ஒரு மறைப்பு இருந்தது?

மாமாவுக்குக் கத்தம் ஓதி முடிந்த பிறகு, மாமியின் காக்கா அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர், வளவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நல்ல மனிதர். தங்கச்சி மேல் உயிர். ஆனால் எதையும் தான் சரிப்படுத்திவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள். கிணற்றடியில் நின்று நாலு மொட்டைத் தடிகளையும் பார்த்தார்.

"இது ஆரு வெட்டின?" என்று கேட்டார்.

பெண்கள் எல்லாரும் உள்ளறையில் இருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. என் கையில் மாமிக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர்க் கோப்பை இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், மாமி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்.

"நாந்தான் காக்கா."

"நீயா? உனக்கென்ன பைத்தியமா புள்ள?"

"ஓம்," என்றார் மாமி.

உம்மா என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். ஒரு வசனம் போதும். எனக்குப் பதினெட்டு வயது, ஊரில் விஞ்ஞானம் படித்த முதல் பெண் பிள்ளைகளில் ஒருத்தி, பரீட்சை முடிவு வந்தால் பல்கலைக்கழகம் போவாள் என்று எல்லாரும் நம்பிய பிள்ளை. வெட்டினது நான் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. இவ்வளவுதான் நடந்தது. ஏழு வருசமாக இதற்குக் காரணம் தேடிப் பார்க்கிறேன், இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

காக்கா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலியைத்தான் பேசினார். கிடுகு வாங்கி மறைக்கலாமா என்று எங்கள் வாப்பா கேட்டார். "எங்க கிடக்கு கிடுகு? புயலுக்குப் பிறகு ஓலைக்கு எவ்வளவு அலைச்சல் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். சாக்குக் கட்டலாம் என்றார்கள். "சாக்கக் கட்டிப்போட்டு நாலு மாசமா? காத்துக்கு ஒரு கிழமை நிக்குமா அது?" பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "வேலிய இப்படி வெட்டி வெச்சிரிக்கா. ஒரு வேலியப் பார்க்கத் தெரியாதவள வீட்டில தனிய விட்டுட்டு நான் எப்படி நித்திரை கொள்ற? அவ என்ட வீட்டில வந்து இத்தா இரிக்கட்டும். என்ன தங்கச்சி?"

"ஓம் காக்கா."

எல்லாரும் எழும்பப் போனார்கள். அப்போது உள்ளேயிருந்து மாமி கேட்டார்.

"வேலி தளிர்க்குமட்டும் நான் பின்னறையில இரிந்தா போதாதா?"

காக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "உள்ள இரிக்கிற படிச்ச புள்ளைட்டக் கேளுங்க," என்றார். "மகள், இது தளிர்க்குமா?"

"தளிர்க்காது," என்றேன்.

அன்று நான் உண்மை பேசினேன். எந்த உண்மை மாமிக்கு உதவாதோ அந்த உண்மையை.

மறுநாள் ஒரு கார் வந்தது. கண்ணாடிகளுக்கு வெள்ளைத்துணி கட்டி மாமியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறுவதற்கு முன்னம் மாமி என்னைக் கூப்பிட்டுத் தையல் கத்தரிக்கோலைத் தந்தார். "துரு ஏறவிடாதீங்க," என்றார்.

இத்தா முடிந்தது. மாமி வரவில்லை. தனிய எப்படி என்றார்களாம், ஓம் என்றாராம். பிறகு காக்காவின் மருமகளுக்குப் பிள்ளைப்பேறு. பிறகு வீட்டை வாடகைக்குக் கொடுத்தார்கள். பிறகு நாட்டில் பிரச்சினைகள் தொடங்கி, பஸ் ஓடுகிற நாளும் ஓடாத நாளுமாகப் போனது. பல்கலைக்கழகம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியத் தொழில் கிடைத்தது, விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

போன வருசம் ஒரு பயிற்சிக்காகப் பண்டாரவளைக்குப் போயிருந்தபோது, தங்கியிருந்த பங்களாவின் வாசலில் அதே மரங்கள். தோட்டக்காரர் வேலியை உலுப்பிக்கொண்டு நின்றார். மாமியின் அதே கை. உள்ளே பழுத்துக் கிடக்கிறதே, என்ன நோய் என்று கேட்டேன்.

"சீக்கெல்லாம் இல்லீங்க டீச்சர். வெயில் படாத எல காயத்தான் செய்யும். தட்டிவிட்டாப் போதும்." கத்தரிக்கோலால் நுனியைத் தொட்டுக் காட்டினார். "பச்சையில மட்டுந்தான் வெட்டணும். காஞ்ச கொப்புல எறங்கிட்டீங்கன்னா, அந்த எடம் சென்மத்துக்கும் தளுக்காது. கண்ணு இல்லீங்க அதுல."

அப்படியென்றால் அந்த வேலிக்கு வருத்தமே இருக்கவில்லை. மாமிக்கு அது தெரிந்திருந்தது. மாமாவிடம் பண்டாரவளையில் யாரோ சொல்லிவிட்டிருப்பார்கள், அல்லது பத்து வருசம் கையை விட்டு உலுப்பியதில் கைக்கே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் ஸ்டூலைப் பிடித்தார். இல்லை என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு ஏலவில்லை. நான் அவர் கேட்ட கேள்விக்குக் காது கொடுத்திருந்தால் அந்தச் சொல்லுக்குத் தேவையும் இருந்திருக்காது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. காக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். மாமியின் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம், நாலு மொட்டையும் பதினாலு பச்சையுமாக நிற்கிற அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டுவார்களாம். உம்மா போன கிழமை அக்கரைப்பற்றுக்குப் போய் மாமியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வீட்டை எழுதிக் குடுக்க அவக்குச் சம்மதமாமா?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டுதான் சொன்னா."

"ஓமெண்டதுக்கு மறுகா என்ன சொன்னா உம்மா?"

"மறுகா என்ன, ஒண்டுமில்ல." உம்மா யோசித்தார். "நான் வெளிக்கிடக்குள்ள கேட்டா, எங்கட கிணத்துத் தண்ணி இப்பவும் இனிப்பாத்தான் இரிக்குதா எண்டு. சும்மா கேட்டா."

சும்மா கேட்கவில்லை. அவருக்கு வீட்டுக்கு வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்தக் காக்கா வீட்டில் இருப்பார். பஸ் ஓடினால் பஸ்ஸில், இல்லையென்றால் வாப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தாவது போகப் போகிறேன். உம்மாவுக்கு விருப்பமில்லை. கலியாண வீட்டில் போய்க் குழப்பம் பண்ணுகிறாய் என்கிறார். குழப்பம்தான். தங்கச்சிக்கு ஒரு வேலியைப் பார்க்கத் தெரியாது என்று நம்பித்தான் அவர் ஏழு வருசம் அவரைத் தன்னோடு வைத்திருக்கிறார், அந்த நம்பிக்கையைத்தான் நான் போய் உடைக்க வேண்டும். வெட்டினது நான் என்று சொல்வேன். பிறகு, உங்கள் தங்கச்சியிடம் வீட்டைப் பற்றி இன்னொரு தடவை கேளுங்கள், ஓம் என்றதும் எழும்பிப் போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள் என்று சொல்வேன்.

எல்லாம் சரி. ஒன்றுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. நான் சொன்னதும் உள்ளறையிலிருந்து மாமி, "இல்ல காக்கா, நாந்தான் வெட்டின," என்று சொல்லக்கூடும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இல்லை என்று சொல்வது அதற்காகத்தான் இருக்கும். அப்போது அவர் முகத்துக்கு நேரே நின்று, அவர் சொல்வது பொய் என்று நான் சொல்ல வேண்டும். அதைத்தான் இரண்டு நாளாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.